பூரணி வந்த வழி

நத்தக்காட்டுவலசில் மழை பொய்த்த மூன்றாவது வருஷம், கொறங்காட்டு மேய்ச்சல் நிலங்களில் கொழுக்கட்டைப்புல் வேரோடு கருகி, வெள்வேல மரங்கள்கூட நிழல் தருவதற்கு யோசித்துக்கொண்டிருந்த சித்திரை மாதத்தில், வஞ்சியம்மாளின் பதினோரு மாட்டு உருப்படிகளில் நல்ல கறவையும் நல்ல குணமுமான பூரணி என்ற செவலைப் பசுவுக்குக் கண் தெரியாமல் போனது. காலையில் கட்டுத்தரையிலிருந்து அவிழ்த்துவிட்டபோது அது நேராகப் போய்த் தண்ணீர்த் தொட்டியில் முட்டிக்கொண்டு நின்றது. அதன் கண்கள் முன்பைவிடப் பெரிதாகவும் பளபளப்பாகவும் இருந்தன, ஆனால் வஞ்சி முகத்துக்கு முன்னால் கையை ஆட்டியபோது இமை அசையவில்லை.

மாட்டாஸ்பத்திரி டாக்டரம்மா ஸ்கூட்டரில் வந்து டார்ச் அடித்துப் பார்த்தாள்.

"எத்தனை மாசமா காஞ்ச சோளத்தட்டு மட்டும் போடறீங்க?"

"ஆறு மாசமாச்சுங்க. பச்சைக்கு எங்கீங்க போறது?"

"அதுதான் காரணம். பச்சை இல்லாம சத்துக் கொறஞ்சு கண்ணு போயிருக்கு. ஊசி போடறேன், ஆனா பார்வை திரும்பும்னு பொய் சொல்ல மாட்டேன். வச்சுக்கறதா இருந்தா, தொட்டிய இடம் மாத்தாதீங்க. தொடறதுக்கு முன்னால குரல் குடுங்க. மந்தையில அதுக்கு ஒரு துணை பழக்குங்க."

வஞ்சி மூன்றையும் செய்தாள். ஒரு சின்னக் கிடாரியின் கழுத்தில் மணி கட்டி, பூரணியை அதோடு சேர்த்தே ஓட்டினாள். நாலே நாளில் மணி போகிற பக்கம் மூக்கை நீட்டிக்கொண்டு போகப் பூரணி பழகிக்கொண்டது. முதல் வாரம் தொட்டியில் மற்ற மாடுகள் அதை இடித்துத் தள்ளின. மாடுகளும் மனுஷரைப் போலத்தான், இளைத்தவன் யாரென்று ஒரே நாளில் கண்டுபிடித்துவிடும். வஞ்சி குச்சியோடு நின்று, முதல் தண்ணீர் பூரணிக்குத்தான் என்று சட்டம் போட்டாள். தொடுவதற்கு முன்னால் குரல் கொடுக்க வேண்டும் என்பதால், நாள் முழுக்கப் பத்து வார்த்தை பேசாத அவள் இப்போது விடிந்ததிலிருந்து பூரணியிடம் பேசத் தொடங்கினாள். பேசப் பேசத்தான், இத்தனை வருஷமாகத் தனக்குப் பேச ஆளில்லாமல் இருந்தது அவளுக்கே உறைத்தது.

அவள் புருஷன் சென்னியப்பன் எண்ணெய் மில்லுக்கு வேலைக்குப் போகிறவன். கெட்டவன் இல்லை, ஆனால் மாடு என்றால் பால் என்று மட்டும் நினைக்கிறவன்.

"கண்ணில்லாத மாட்ட வச்சு என்ன புள்ள பண்ணறது? திங்கக்கிழமைச் சந்தைக்குத் தாட்டி உட்ரலாம்."

"சந்தையில அத யாருங்க வாங்குவாங்க? லாரிக்காரன்தான் வாங்குவான்."

அந்த லாரி எங்கே போகிறது என்பது இருவருக்கும் தெரியும். அவன் தலையைச் சொறிந்துவிட்டுச் சொன்னான்.

"செரி, இருக்கட்டும். ஆனா ஒருக்கா கெணத்துல உழுந்தாலோ வேலியில சிக்கினாலோ, அடுத்த திங்கக்கிழம லாரிதான். அன்னைக்கு நீ அழுகக்கூடாது."

"செரிங்க," என்றாள் வஞ்சி.

வேலி என்று அவன் சொன்ன வேலியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மேய்ச்சலுக்கென்றே விட்ட கொறங்காட்டுக்கு நாலு பக்கமும் கிளுவை முள்வேலி வைப்பது அந்தப் பக்கத்து வழக்கம். வஞ்சியின் காட்டுக்குக் கிழக்கே இருந்த வேலி மட்டும் மற்ற மூன்றைவிட இரண்டு மடங்கு உயரம், இரண்டு மடங்கு அடர்த்தி. அதற்கு அந்தப்பக்கம் சென்னியப்பனின் அண்ணன் ராக்கியப்பனின் காடு. ராக்கியப்பனின் பெண்டாட்டி பாவாத்தாள் வஞ்சிக்குக் கூடப்பிறந்த அக்கா. அக்கா தங்கச்சி இருவரையும் அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே முகூர்த்தத்தில் கட்டிக்கொடுத்து, இனி எந்தக் காலத்திலும் பிரியமாட்டார்கள் என்று பெற்றவர்கள் நிம்மதியாக இருந்தார்கள். பாகம் பிரித்தபோது தம்பி வேலியை ஒரு முழம் தள்ளி நட்டுவிட்டான் என்று அண்ணன் சொல்ல, இழுத்து நட்டது யாரென்று தம்பி கேட்க, பேச்சு நின்று பதினோரு வருஷம் ஆயிற்று. அக்காவும் தங்கச்சியும் சண்டையே போடவில்லை. புருஷன்மார் சண்டைக்கு மரியாதை கொடுத்து மூன்று மாதம் பேசாமல் இருக்கலாம் என்று இருந்தார்கள். மூன்று மாதம் மூன்று வருஷமாகி, கிளுவை தழைத்து முகம் மறைந்து, கடைசியில் பெற்ற தாய் செத்த அன்றுகூட ஆளுக்கொரு மூலையில் யாரோ ஊரார் பெண்களைக் கட்டிக்கொண்டு அழுதார்கள்.

வைகாசி மாதம் ஒரு மத்தியானம், வஞ்சி வெள்வேல மரத்தடியில் உட்கார்ந்திருந்தபோது, பூரணி மேய்ச்சலை விட்டுத் தலையைத் தூக்கிக் காற்றை மோந்தது. பிறகு மணிச்சத்தத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கிழக்கே நடந்தது. எதிரில் நின்ற வெள்வேல மரத்தில் ஒரு இடி இடித்துக்கொண்டு, விலகி, மறுபடி நடந்தது. வேலியிடம் வந்தது, வேலிக்குள் நுழைந்தது, வேலிக்கு அந்தப்பக்கம் போய்விட்டது. ஒரு கிளை அசையவில்லை, ஒரு முள் முறியவில்லை, முள்ளில் ஒரு மயிர்கூட ஒட்டவில்லை. வேலி மேல் வெயில் காய்ந்துகொண்டிருந்த ஓணான் தலையைக்கூடத் திருப்பவில்லை. வஞ்சிக்கு முதலில் தோன்றியது ஒன்றுதான்: மாடு வேலியில் சிக்கவில்லை.

பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அக்கட்டாலே, அந்தப்பக்கத்துக் காட்டில் கேட்கும். அதனால் கிடாரியின் கழுத்திலிருந்து மணியை அவிழ்த்து ஆட்டினாள். கொஞ்ச நேரத்தில் பூரணி போன மாதிரியே திரும்பி வந்தது. வாயோரத்தில் ஒரு பச்சை இலை ஒட்டியிருந்தது.

சாயங்காலம் இதைக் கேட்ட சென்னியப்பன், "வேலிய ஒழுங்கா அடைக்கலீன்னா மாடு போகத்தான் செய்யும்," என்று சொல்லிவிட்டுச் சந்து தேடப் போனான். மூன்று நாள் தேடினான். அந்த வேலியில் ஒரு கோழிக்குஞ்சு நுழைவதற்கும் வழியில்லை. நாலாம் நாள் லீவு போட்டுவிட்டுக் கூடவே இருந்து, பூரணி நுழைவதை நேரில் பார்த்துவிட்டு, "அப்ப செரி," என்று சொல்லி வீட்டுக்கு வந்து இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தான்.

ஊர் அதைவிடச் சுலபமாக ஒப்புக்கொண்டது. டீக்கடையில் இரண்டு நாள் பேச்சு நடந்தது. மரத்தில் முட்டுகிற மாடு வேலியில் ஏன் முட்டவில்லை என்று ஒருவர் கேட்டார். "மரம் தானா மொளச்சது, வேலி நாம குறுக்க வச்சது. கண்ணு தெரியாத மாட்டுக்கு, நாம குறுக்க வச்சதெல்லாம் எப்பிடித் தெரியும்?" என்று டீ ஆற்றிக்கொண்டே கடைக்காரர் சொன்னார். எல்லோருக்கும் அது நியாயமாகப் பட்டதால் இன்னொரு டீ சொன்னார்கள். சோதித்துப் பார்க்கப் பூரணியைப் பள்ளிக்கூடத்துக்கு ஓட்டிப்போனார்கள். அது காம்பவுண்டுச் சுவர் வழியாக அஞ்சாம் வகுப்புக்குள் போய், வாளித் தண்ணீரைக் குடித்துவிட்டு, மறுசுவர் வழியாக வெளியே வந்தது. வாத்தியார் வருகைப் பதிவை நிறுத்தவில்லை. காற்றாலைக் கம்பெனிக்காரர்கள் போட்ட கம்பி வேலியும் அதற்கு வேலியில்லை. ஆனால் பாறை வந்தால் சுற்றிப்போனது, கிணறு வந்தால் இரண்டு அடிக்கு முன்னாலேயே நின்று ஊதியது.

அதன் வாலைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினால் மனுஷரும் போகலாம் என்று யாரோ கண்டுபிடித்தார்கள். கண்ணை இறுக்க மூடிய மூன்று பேர் ஒரு கீறலில்லாமல் அக்கட்டாலே போய் நின்றார்கள். போனபிறகு எதற்கு வந்தோம் என்று தெரியாமல், வேலிகளுக்கு நடுவே போகிற இட்டேரி வழியாகச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினார்கள். முன்னாள் பஞ்சாயத்துத் தலைவர் வெள்ளை வேட்டியோடு கிளம்பினார். பாதி வேலியில், எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று பார்க்க ஒற்றைக் கண்ணைத் திறந்தார். அவரை முள்ளிலிருந்து எடுக்க முக்கால் மணி நேரமும் இரண்டு அருவாளும் ஆயிற்று. வேட்டியில் பாதி இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது.

"நீயும் ஒருக்கா போய்ப் பாரு வஞ்சி," என்று பெண்கள் சொன்னார்கள்.

"எனக்கு அக்கட்டால என்ன சோலி?" என்றாள் வஞ்சி. சொல்லிவிட்டுத் தொட்டி பக்கம் போய், தண்ணீரை மொண்டு மொண்டு முகத்தில் அடித்துக்கொண்டு அழுதாள்.

பூரணியின் சாணம் பச்சையாயிற்று. பால் கூடிற்று, மூக்கருகே கொண்டுபோனால் லேசாக அகத்தி வாசம் அடித்தது. அக்கட்டாலே போர்வெல் வாய்க்காலோரம் வரிசையாக அகத்தி இருப்பது வஞ்சிக்குத் தெரியும், அவர்கள் புதுப்பெண்களாக வந்த வருஷம் அக்காவும் தங்கச்சியும் சேர்ந்து நட்டவை. அகத்தி உயரத்தில் இருக்கும், மாடு தானாக எட்டித் தின்ன முடியாது, யாராவது ஒடித்துப் போட்டால்தான் உண்டு. அன்றிலிருந்து வஞ்சி மத்தியானத்துக்கு முன்னால் பூரணியைக் கழுவி, கொம்புக்கு எண்ணெய் தடவி, நெற்றியில் குங்குமம் வைத்து விட்டாள். சொந்தக்காரர்களான ஒறம்பரை வீட்டுக்கு அனுப்புகிற குழந்தையைப் போலத்தான் அனுப்பினாள். முதல் நாள் குங்குமத்துக்கு மேலே திருநீறு பூசிக்கொண்டு வந்தது. அடுத்த நாள் கொம்பில் ஒரு முழம் கனகாம்பரம் இருந்தது. வஞ்சி அந்தப் பூவை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு, புருஷன் வருகிற நேரத்துக்கு எடுத்துப் பாலித்தீன் பையில் போட்டு ஒளித்துவைத்தாள்.

இது இப்படியே போயிருக்கும். ராக்கியப்பன் ஒருநாள் தன் காட்டில் புதுச்சாணத்தை மிதித்தான். பெண்டாட்டி அகத்தி ஒடித்ததை அவன் பார்க்கவில்லை, மாடு வேலிக்குள் நுழைகிறது என்று ஊர் சொன்னதை நம்பவும் இல்லை, சாணத்தைப் பார்த்துவிட்டான். அன்றைக்கே ஊர்க் கொத்துக்காரர் வேலப்பரிடம் போய்ப் பிராது வைத்தான். ஊருக்குள் நியாயம் சொல்வது அவர்தான்.

மாரியம்மன் கோயில் வாசலில் ஊர் கூடியது. அண்ணனும் தம்பியும் எதிரெதிரே நின்று, ஆளுக்கொரு திசையைப் பார்த்துக்கொண்டு, கொத்துக்காரர் வழியாகப் பேசினார்கள்.

"சந்து இல்லாம மாடு எப்பிடீங்க வரும்? சந்த அடைக்கச் சொல்லுங்க."

"சந்து இருந்தாக் காட்டச் சொல்லுங்க."

பூரணி வேலியில் நுழைவதைக் கொத்துக்காரரும் இரண்டு தடவை பார்த்தவர்தான், ஒரு தடவை கைதட்டவும் செய்திருந்தார். ஆனால் வழக்கம் வழக்கம்தான்.

"மாடு அத்து மீறிப் போனா, வந்த சந்தப் பங்காளிக ரெண்டு பேரும் பாக்க அடைக்கோணும். நம்மூர் வழக்கம் அதுதான். ஆடி அமாவாசைக்குள்ள அடைக்கலீன்னா, மாட்ட ஊர உட்டுத் தாட்டி உட்ரோணும்."

கூட்டம் மொத்தமும் தலையாட்டியது. இல்லாத சந்தை எப்படி அடைப்பது என்ற கேள்வி, எல்லோரும் அவரவர் வீட்டுக்குப் போய்ச் செருப்பைக் கழற்றியபிறகுதான் அவர்களுக்கு வந்தது. அதற்குள் தீர்ப்பு ஆகிவிட்டது. சொன்ன தீர்ப்பைத் திருப்பிக் கேட்பது அந்த ஊரில் பழக்கமில்லை.

அமாவாசைக்கு ஒன்பது நாள் இருந்தது. லாரிக்காரன் இட்டேரியில் வண்டியை நிறுத்தி, படல் வழியாகப் பூரணியின் முதுகை அளவு பார்த்துவிட்டுப் போனான். வஞ்சிக்குச் சோறு இறங்கவில்லை. பச்சை போடாமல் கண்ணைப் போக்கினது நான், இப்போது உயிரையும் போக்கப்போகிறேன் என்று அவள் பூரணியின் காதில் சொன்னாள். பூரணி அசைபோட்டுக்கொண்டே கேட்டது. சொன்னதைச் சொல்லிச் சொல்லி மூன்றாம் நாள் விடிகாலையில், பால் கறந்துகொண்டிருந்தவள் பாதியில் எழுந்து போய்ப் பல் விளக்கிக்கொண்டிருந்த புருஷன் முன்னால் நின்றாள்.

"ஏனுங்க, சந்து இல்லீன்னா ஒண்ண வெட்டலாமுங்க."

"என்னது?"

"வேலியில ஒரு சந்த வெட்டி, அதைய நீங்களும் மாமாவும் பாக்க அடைச்சுப்போடலாம். அடைக்கோணுமின்னுதானே சொன்னாங்க. அடைச்சாச்சுன்னா மாட்டத் தாட்டி உட வேண்டியதில்லீங்களே."

சென்னியப்பன் வாயில் நுரையோடு அவளைப் பார்த்தான். பிறகு வாயைக் கொப்பளித்துவிட்டுக் கொத்துக்காரர் வீட்டுக்குப் போனான். கொத்துக்காரர் யோசித்துப் பார்த்ததில் வழக்கத்தில் அதற்குத் தடை ஒன்றும் இருக்கவில்லை. ராக்கியப்பனுக்கும் சொல்லி அனுப்பினார். பிராது வைத்தவனே தீர்ப்பு நிறைவேறாமல் போக விடலாமா, அவனும் சரியென்றான். பொதுவேலி என்பதால் ஒருவன் மட்டும் வெட்டினால் நாளைக்கு அதற்கு வேறு ஒரு பிராது வரும். ஆளுக்கொரு பக்கமிருந்து வெட்டிக்கொண்டு வருவதென்று முடிவாயிற்று.

அமாவாசைக்கு முந்தின நாள் ஊர் முழுக்க வேலியோரம் நின்றது. அடைப்பதற்குக் காய்ந்த இலந்தை முள் இரு பக்கமும் கட்டு கட்டாகத் தயாராக இருந்தது. தம்பி மேற்கேயிருந்து வெட்டினான், அண்ணன் கிழக்கேயிருந்து வெட்டினான். பதினோரு வருஷத்துக் கிளுவை தொடைத் தடிமனில் முறுக்கிக்கொண்டு, இந்தப்பக்கத்துக் கொப்பு அந்தப்பக்கமும் அந்தப்பக்கத்துக் கொப்பு இந்தப்பக்கமுமாகப் பின்னிக் கிடந்தது. ஒருவன் பிடித்து வளைக்காமல் இன்னொருவனால் வெட்ட முடியவில்லை.

"அந்த மேக்கொப்ப யாராச்சும் புடிச்சாத் தேவல," என்று ராக்கியப்பன் வானத்தைப் பார்த்துச் சொன்னான்.

சென்னியப்பன் பிடித்தான்.

"கையில முள்ளு ஏறப்போகுது, துண்டச் சுத்திக்கிட்டு வெட்டுனா நல்லது," என்று இவன் வேலியிலிருந்த ஓணானிடம் சொல்வதுபோலச் சொன்னான். அண்ணன் துண்டைக் கையில் சுற்றிக்கொண்டான்.

வெயில் ஏறுகிற நேரத்துக்கு, ஒரு ஆள் தாராளமாக நடந்துபோகிற அளவுக்குச் சந்து திறந்தது. பிசின் வாசம் காடு முழுக்க அடித்தது. சந்து வழியாக வஞ்சி பார்த்தாள், அக்கா நின்றுகொண்டிருந்தாள். ஊர்த் திருவிழா, நோம்பி நொடிகளில் தூரத்தில் பார்த்த அக்கா இல்லை இது. முன்தலை பூராவும் நரைத்து, கன்னம் ஒட்டி, ஒரு பக்கத்துக் கண்ணாடிக் காலை நூலால் கட்டிய அக்கா. அவள் இடுப்பில் மோர்ப் போசி இருந்தது. வேலி வேலை செய்கிறவர்களுக்கு மோர் கொடுக்காமல் இருந்தால் வீட்டுக்கு ஆகாது என்பதால், யாரிடமும் கேட்காமல் அவள் சந்துக்குள் நடந்து இந்தப்பக்கம் வந்தாள். அண்ணன் தடுக்க வேண்டுமா என்று யோசிப்பதற்குள் வந்துவிட்டாள். கொழுந்தனுக்கு ஊற்றினாள், கொத்துக்காரருக்கு ஊற்றினாள், பிறகு வஞ்சியிடம் டம்ளரை நீட்டினாள்.

வஞ்சி ஒரே மூச்சில் குடித்தாள்.

"உப்புப் பத்தலீங்கக்கா," என்றாள்.

"பத்தாதுதான்," என்றாள் பாவாத்தாள். "நீ போட்டா உப்பாப் போடுவ, நான் போட்டாச் சப்பா இருக்கும். உன்ற மாடு மட்டும் என்ன போட்டாலும் வாய் பேசாமத் திங்குது அம்மிணி."

இருவரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். மோர்ப் போசி இடையில் மாட்டிக்கொண்டு இருவர் சேலையும் நனைந்தது, அப்போதும் விடவில்லை. ஊர்ப் பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். கொத்துக்காரர் தொண்டையைச் செருமினார்.

"செரி, மாட்ட உடுங்க. இந்தச் சந்துல வருதான்னு பாத்துட்டு அடைச்சரலாம். வந்த சந்தத்தான் அடைக்கோணும், அதுதானே வழக்கம்."

வஞ்சி அக்காவின் தோளை விட்டாள். பூரணியிடம் போய், குரல் கொடுத்து, கழுத்தைத் தடவி விட்டாள். பூரணி காற்றை மோந்து கிழக்கே நடந்தது. சந்துக்கு நேராகத்தான் வந்தது. கைக்கெட்டும் தூரத்தில் ஒரு கணம் நின்றது. பிறகு இடது பக்கம் மூன்று எட்டு விலகி, சந்தை விட்டுவிட்டு, வேலி எங்கே அடர்த்தியோ அங்கே நுழைந்து அக்கட்டாலே போய்விட்டது.

கொத்துக்காரர் வெகுநேரம் காதைக் குடைந்தார்.

"மாடு வந்த சந்த அடைக்கச் சொன்னேன்," என்றார். "மாடு இந்தச் சந்துல வரல."

"ஆமாங்க," என்றது ஊர்.

"அப்ப இது மாட்டுச் சந்து இல்ல. இதைய அடைக்கச் சொல்லறதுக்கு எனக்குப் பாத்தியம் இல்ல."

"மாடுங்க?" என்றாள் வஞ்சி.

"சந்து வழியாப் போற மாட்டுக்குத்தான் வழக்கம். சந்தே வேண்டாத மாட்டுக்கு வழக்கம் ஏது அம்மிணி? அது பாட்டுக்கு உன்ற மந்தையில இருந்துட்டுப் போகுது."

இந்தத் தீர்ப்பும் ஊருக்கு மிகவும் நியாயமாகப் பட்டது. கூட்டம் கலைந்தது. ராக்கியப்பன் மட்டும் இலந்தை முள் கட்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டு சந்தின் நடுவில் நின்றான். போடவும் இல்லை, இறக்கவும் இல்லை. தம்பி தன் பக்கத்துக் கட்டுகளை இழுத்துக் குப்பை மேட்டில் போட்டதைப் பார்த்தான். பிறகு அவனும் தன் கட்டைக் கீழே போட்டு, "அடுப்பெரிக்க ஆகும்," என்று யாருக்கோ சொல்லிவிட்டு நடந்தான்.

அன்றைக்குப் பொழுது சாய்கிற நேரத்தில் பூரணியைக் கூட்டிவர வஞ்சி தானே கிளம்பினாள். சேலையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு சந்துக்குள் நடந்தாள். அக்கட்டாலே அகத்தி வரிசை வீட்டுயரத்துக்கு மேல் வளர்ந்திருந்தது. பாவாத்தாள் ஒடித்துப் போட, பூரணி நிதானமாகத் தின்றுகொண்டிருந்தது. அக்கா அவளை வீட்டுக்குள் கூட்டிப்போய்க் கட்டிலில் உட்காரவைத்தாள். பதினோரு வருஷத்தில் யார் யாருக்குக் கல்யாணமாகி, யார் யார் செத்து, யாருக்கு என்ன நோவு என்று ஆரம்பித்தார்கள். பேச்சு அம்மாவின் சாவுக்கு வந்து சேர்ந்தபோது இருவரும் முதல்முறையாக ஒன்றாக அழுதார்கள். அழுதபிறகு இருவருக்கும் நல்ல பசி எடுத்தது. கம்மஞ்சோறும் கொள்ளுப்பருப்பும் வட்டிலில் விழுந்த நேரத்துக்கு, வெளியே மேய்ந்த பூரணி தன் வேலையை முடித்துக்கொண்டு, வேலி வழியாக வீடு போய்ச் சேர்ந்துவிட்டது. அதை இருவரும் கவனிக்கவில்லை.

வேலிக்கு மேற்கேயிருந்து சென்னியப்பனின் குரல் கேட்டது.

"வஞ்சீ. மாடு வந்துருச்சு. உன்னையக் காணோம்."

வஞ்சியின் கை வட்டிலிலேயே நின்றது. வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்த ராக்கியப்பன் நிமிர்ந்தான். அவள் மாமாவின் முகத்தைப் பார்த்தாள், அக்காவின் முகத்தைப் பார்த்தாள். ராக்கியப்பன் சொம்பைக் கீழே வைத்துவிட்டு மேற்கே திரும்பி, பதினோரு வருஷமாகத் தம்பியை நேராகக் கூப்பிடாத குரலில் சொன்னான்.

"இங்கதான் சோறு திங்கறா. நீயும் வாடா."

பிறகு வெட்டிப்போட்ட கிளுவைக் கொப்புகளில் செருப்பு மிதிபடுகிற சத்தம் கேட்டது. பாவாத்தாள் எழுந்து, இன்னொரு வட்டிலை எடுத்துக் கழுவினாள்.